நாக்கில் வெள்ளை படிந்தால்: வாய்ப் பூஞ்சையை இனம் காண ஒரு வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாருக்காவது நாக்கு வெளுத்துப் போனால் முதலில் காதில் விழும் சொல் ‘சூடு’. இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு என்பார்கள். இரண்டு நாளில் போகவில்லை என்றால் அடுத்த சொல் ‘பூஞ்சை’. மருந்துக் கடையில் ஒரு டியூப் ஜெல் வாங்கித் தடவிக்கொள்வார்கள். இந்த இரண்டு முடிவுக்கும் நடுவில் ஒருவர்கூட வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துப் பார்த்திருக்க மாட்டார்.

நான் பல் கிளினிக்கில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். டாக்டருக்கு விளக்கைத் திருப்பிக் கொடுப்பதும், எச்சிலை உறிஞ்சி எடுப்பதும், கேட்ட கருவியை நீட்டுவதும் என் வேலை. பதினெட்டு வருடம் அப்படி நின்றதில், வாய்க்குள் எதைப் பார்த்தால் டாக்டரின் முகம் மாறும், எதைப் பார்த்தால் மாறாது என்று ஓரளவு பழகிவிட்டது. தோட்டத்து லயத்து வீடுகளை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்கு வந்து சேர்ந்த பெரியவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். ரப்பர் பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள். வலி பொறுத்துப் பொறுத்துப் பழகிய ஆட்கள். அதனால் வலித்தால்தான் வருவார்கள். வாயில் வரும் மோசமான சில விஷயங்கள் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

வயதான அம்மாவையோ மாமனாரையோ புதிதாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தவர்கள், முதல் குழந்தை பெற்றவர்கள், இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டவர்கள் எல்லாருக்கும் இது பயன்படும். நோய் இன்னதென்று உறுதி செய்வது டாக்டரின் வேலை. ஆனால் இது பூஞ்சை மாதிரி இருக்கிறதா, இருந்தால் ஏன் வந்தது, பூஞ்சை இல்லாத வேறு ஏதாவதா என்ற மூன்று கேள்விக்கும் பாதிப் பதிலை நீங்கள் வீட்டிலேயே தேடி எடுத்துக்கொண்டு போகலாம்.

எதிராளியைப் பற்றி இரண்டு வார்த்தை

வாயில் வரும் பூஞ்சை நோய்க்குப் பெரும்பாலும் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஒருவகை ஈஸ்ட். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். கேண்டிடா என்ற பெயரை 1923-இல் கிறிஸ்டீன் பெர்க்ஹௌட் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் வைத்தார். லத்தீனில் வெள்ளை என்று பொருள். நம் பாட்டிமார் இதைக் குழந்தைகளிடம் பார்த்து ‘அக்கரம்’ என்றார்கள்.

முக்கியமான விஷயம் இதுதான்: இந்த ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து தாக்குவது குறைவு. நோயே இல்லாத ஏராளமானவர்களின் வாயில் அது சும்மா குடியிருக்கிறது. எச்சிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் மற்ற பாக்டீரியாக்களும் அதைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கின்றன. அந்தக் காவலில் ஏதாவது ஒன்று தளர்ந்தால் பெருகுகிறது. ஆகவே வாயில் பூஞ்சை வந்துவிட்டது என்றால், காவல் எங்கே தளர்ந்தது என்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் மருந்து மட்டும் தடவினால் அடுத்த மாதமே திரும்ப வந்து உட்காரும்.

முதல் வேலை: வெளிச்சம்

காலையில், பசியாறுவதற்கு முன்னால், பல் துலக்குவதற்கும் முன்னால் பாருங்கள். கோப்பி குடித்தால் நாக்கு பழுப்பாகும், மைலோவும் அப்படித்தான். வெற்றிலை போட்டால் கேட்கவே வேண்டாம். ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, தலையைச் சாய்த்து உட்கார வையுங்கள். கைபேசியின் விளக்கு போதும், ஆனால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்; உங்களுக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கும். இரண்டு கரண்டிகளின் காம்பு, கொஞ்சம் காஸ் துணி, கையுறை. காஸ் இல்லையென்றால் துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணி.

பல் செட் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இதற்குச் சிலர் கூச்சப்படுவார்கள், மருமகள் முன்னால் கழற்ற மாட்டேன் என்பார்கள். அப்போது மகனையோ பேத்தியையோ பார்க்கச் சொல்லுங்கள். செட்டைக் கழற்றாமல் பார்த்த வாய் பாதி பார்த்த வாய்தான்.

பார்க்கும் வரிசை

கண் போன போக்கில் பார்த்தால் ஏதாவது ஒரு மூலை விட்டுப்போகும். நாங்கள் பழகிய வரிசை இது: வெளியே உதட்டு ஓரங்கள், உதட்டின் உள்பக்கம், வலக் கன்னம், இடக் கன்னம், மேலண்ணம், நாக்கின் மேல்பக்கம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடியில், கடைசியாகத் தொண்டை.

கன்னத்தைக் கரண்டிக் காம்பால் மெல்ல விலக்கி, வாயின் மூலைக்கு உள்ளே இருக்கும் இடத்தை நன்றாகப் பாருங்கள். புகைக்கிறவர்களுக்கு அங்கேதான் வரும் ஒருவகைத் திட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வெற்றிலை போடுகிறவர் என்றால், எந்தப் பக்கம் அடக்கி வைப்பார் என்று கேட்டு அந்தப் பக்கத்துக் கன்னத்தையும் கீழ் ஈறுப் பள்ளத்தையும் இரண்டு தடவை பாருங்கள்.

நாக்கின் ஓரத்தைப் பார்க்க ஒரு கைப்பழக்கம் வேண்டும். நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைக் காஸ் துணியில் சுற்றிக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடியுங்கள். ஈர நாக்கு துணியில்லாமல் நழுவிவிடும். இழுக்கக் கூடாது, பிடித்தபடி இடப்பக்கம் திருப்பினால் வலது ஓரம் கடைசிவரை தெரியும். பின்பக்கத்தில் மடிப்பு மடிப்பாக, சிவப்பாக ஏதோ தெரிந்து பலர் பயந்துபோவார்கள். அது எல்லாருக்கும் இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி இருந்தால் கவலை வேண்டாம். நாக்கின் மேல்பக்கத்தில், தொண்டையை ஒட்டிய கடைசியில் பெரிய மொட்டுகள் வரிசையாக இருப்பதும் பிறவியிலேயே உள்ளதுதான். கன்னத்தில் ரவை சிந்தியது போன்ற மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பல்லும் பல்லும் சேரும் மட்டத்தில் கன்னத்தில் ஓடும் வெள்ளைக் கோடு பல் உரசுவதால் வருவது. இவற்றையெல்லாம் முதல் தடவையே பார்த்து மனசில் வைத்துக்கொண்டால், புதிதாக வருவது தானாகக் கண்ணில் படும்.

பார்த்ததை அப்போதே படம் எடுத்து வையுங்கள், தேதியோடு. இரண்டு வாரம் கழித்து அதே ஜன்னல், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். டாக்டரிடம் வாயால் சொல்லும் பத்து வாக்கியத்தை விட இந்த இரண்டு படமும் மேல்.

துடைத்துப் பார்ப்பது

இனி முக்கியமான சோதனை. வெள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே காஸ் துணியை விரலில் சுற்றி, மேசையில் சிந்திய பாலைத் துடைக்கும் அளவு அழுத்தத்தில் ஒரே ஒரு தடவை துடையுங்கள். சுரண்டக் கூடாது.

தயிர் ஆடை மாதிரித் திரண்டு துணியில் வந்து, அடியில் சிவந்த சதை தெரிந்தால், சில சமயம் ஊசிமுனை அளவு இரத்தமும் கசிந்தால், அது நாம் பேசிக்கொண்டிருக்கும் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். கன்னம், அண்ணம், தொண்டை என்று பல இடத்தில் துளித் துளியாக இருந்தால் இன்னும் வலுவான அடையாளம்.

துடைத்ததும் வந்துவிட்டது, ஆனால் அடியில் சாதாரண இளஞ்சிவப்பு, நாக்கில் மட்டும்தான் இருந்தது என்றால் பெரும்பாலும் அழுக்குப் படிவுதான். காய்ச்சலில் படுத்தவர், சரியாகச் சாப்பிடாதவர், வாயால் மூச்சு விடுகிறவர் நாக்கில் மாவு படிவது வழக்கம். கைக்குழந்தைக்கு அது பால். பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பால் என்றால் நாக்கோடு நிற்கும், லேசாகத் துடைத்தாலே போகும். கன்னத்தின் உள்ளேயும் உதட்டின் உள்ளேயும் ஒட்டிக்கொண்டிருந்தால், குழந்தை காம்பைப் பிடித்துவிட்டு அழுது விலகினால், அக்கரமாக இருக்கலாம். தாயின் மார்க்காம்பும் சிவந்து எரிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில சமயம் தாய்க்கும் சேர்த்துத்தான் மருந்து தர வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துக் குழந்தை நாக்கில் தடவும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. வெங்காரம் குழந்தைக்கு விஷம். தேனோ, ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேறொரு கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியது. அந்தக் கிருமி உடம்பையே தளர வைத்துவிடும். பாட்டியின் அன்பு உண்மையானது, அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். ஆனால் அந்தக் கிண்ணம் குழந்தைக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

மூன்றாவது வகை: துடைத்தால் வரவே இல்லை. இதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

வெள்ளையே இல்லாத பூஞ்சை

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பூஞ்சை என்றால் வெள்ளை என்று மனசில் பதிந்துவிட்டது. ஆனால் சிவப்பாக வரும் பூஞ்சையை நாற்காலியில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஒரு பாட்டி சர்க்கரை மருந்து வாங்க வந்த கையோடு, பல் செட் ஆடுகிறது என்று எங்களிடம் வந்தார். செட்டைக் கழற்றியதும் மேலண்ணம் முழுக்கச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு ஒரு வரம்பு இருந்தது. செட் எங்கே முடிகிறதோ அங்கே கோடு போட்டது போல் நின்றது. செட்டின் அச்சு அப்படியே அண்ணத்தில் வரைந்து வைத்த மாதிரி. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார், இல்லை என்றார். இராத்திரி கழற்றி வைப்பீர்களா என்று கேட்டார். ‘கழட்டி வெச்சா பூனை தூக்கிட்டுப் போயிடும்மா’ என்றார் பாட்டி. ஆறு வருடம் கழற்றாமல் தூங்கியிருக்கிறார். செட்டின் உள்பக்கத்தை விரலால் தடவினால் வழுவழுவென்று ஒரு படலம். பூஞ்சை குடியிருந்தது அந்த பிளாஸ்டிக்கில். அண்ணம் அதன் சூட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவருக்கு வாயில் மட்டும் மருந்து விட்டுப் பயனில்லை, செட்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சிவப்பு, ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒரு வாரம் சாப்பிட்ட பிறகு வருவது. நாக்கின் மேலுள்ள சொரசொரப்பு போய்ப் பளபளவென்று இருக்கும். சம்பல் தொட்டால் நெருப்பு. இதே பளபளப்பு இரும்புச் சத்தோ பி12 வைட்டமினோ குறைந்தாலும் வரும், ஆகவே இரத்தப் பரிசோதனை இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. நாக்கின் நடுவில், பின்பக்கமாக, சாய்சதுர வடிவத்தில் ஒரு இடம் மட்டும் சிவந்து வழவழப்பாக இருந்தால் அதுவும் பூஞ்சையோடு தொடர்புள்ளதுதான். புகைக்கிறவர்களிடமும் ஆஸ்துமா பம்ப் இழுக்கிறவர்களிடமும் பார்க்கலாம்.

உதட்டு ஓரம் வெடித்து, சிவந்து, வாயைத் திறந்தால் இழுத்து வலிப்பது பலருக்கும் தெரிந்த ஒன்று. அதில் பூஞ்சையும் இருக்கும், தோலில் வாழும் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும். தேய்ந்துபோன பழைய பல் செட்டால் வாய் குறுகி, ஓரத்தில் மடிப்பு விழுந்து எச்சில் தேங்குகிறவர்களுக்கு இது ஆறி ஆறித் திரும்ப வரும்.

நாக்கில் தீவு தீவாகச் சிவந்து, வெள்ளை விளிம்போடு இன்று ஒரு இடம், அடுத்த வாரம் வேறு இடம் என்று நகர்ந்துகொண்டே இருந்தால் அது பூஞ்சை கிடையாது. வரைபட நாக்கு என்பார்கள்; தீங்கில்லாதது. மருந்து தேவையில்லை.

துடைத்தும் போகாத வெள்ளை

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

என் பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். விடியற்காலை இருட்டில் கிளம்பும்போதே மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். இடக் கன்னத்தில் அடக்கினால் பத்து மணிக்குப் பால் எடுக்கும்வரை அது அங்கேயே. வயதான காலத்தில் அந்தக் கன்னத்தில் வெள்ளை விழுந்தது. ஒரு கிளினிக்கில் காட்டினார், பூஞ்சை என்று ஜெல் கொடுத்தார்கள். முடிந்ததும் இன்னொரு டியூப். பிறகு மூன்றாவது. நாலு மாதம் போய்விட்டது. பல் கிளினிக்கில் வேலை செய்யும் நான், தைப்பூசத்துக்கு வீட்டுக்குப் போன போதுதான் அதைக் கேள்விப்பட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார வைத்துத் துடைத்தேன். அசையவில்லை. கையுறை போட்ட விரலால் தடவினேன். உலர்ந்த சுண்ணாம்புச் சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. அழுத்தினால் அடியில் கொஞ்சம் கெட்டி. அவருக்கு வலியே இல்லை. அந்த வாரமே ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சின்னத் துண்டு வெட்டிச் சோதித்ததில், புற்றாக மாறக்கூடிய மாற்றம் தொடங்கியிருப்பது தெரிந்தது. நேரத்தில் எடுத்துவிட்டார்கள். இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே: துடைத்துப் போகாத வெள்ளைத் திட்டு, வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டு, தடவினால் கெட்டியாக இருக்கும் இடம், எளிதில் இரத்தம் வரும் புண், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், நாக்கோ உதடோ மரத்துப்போவது, இரண்டு வாரத்துக்குள் ஆறாத எந்தப் புண்ணும் பல் டாக்டரிடம் போக வேண்டியவை. பூஞ்சை ஜெல் தடவிக் காத்திருக்கும் நேரம் அதற்கு இல்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பாக்கு போடுகிறவரிடம் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை, கன்னம் வெளிறி விறைப்பாக இருக்கிறது, மிளகாய் பட்டாலே எரிகிறது என்றால் அது பாக்கினால் கன்னத்துச் சதை நாராக இறுகும் நோயாக இருக்கலாம். அந்த எரிச்சலையும் பூஞ்சை என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கன்னத்தில் வலைப் பின்னல் போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டு பக்கமும் இருந்தால் லைக்கன் பிளேனஸ் என்ற வேறொரு நோய். பல்வலிக்குக் கன்னத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைத்தாலும், கிராம்பு எண்ணெய் அதிகம் பட்டாலும் சதை வெந்து வெள்ளையாகும். கேட்டால்தான் சொல்வார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பூஞ்சையே சில சமயம் துடைத்துப் போகாத கெட்டித் திட்டாக வரும். வாயின் மூலைக்கு உள்ளே, புகைக்கிறவர்களுக்கு. முன்னால் சொன்ன இடம் அதுதான். பார்வையால் அதையும் புற்றுக்கு முந்தைய திட்டையும் பிரிக்க டாக்டராலும் முடியாது. சதைத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஏன் வந்தது என்று கேட்பது

துடைத்ததில் பூஞ்சை போலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேள்விகள். வேறு நோய்க்கு என்ன மருந்து சாப்பிடுகிறார்? ஆன்டிபயாட்டிக்கா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையா? ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பம்ப் இழுக்கிறாரா? இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புகிறாரா? நீல நிற பம்ப் மூச்சை உடனே திறக்கும். பூஞ்சைக்கு இடம் கொடுப்பது தினமும் இழுக்கச் சொல்லிக் கொடுக்கும் தடுப்பு பம்ப். அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொப்பளித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மூட்டுவலிக்கு யாரோ மோட்டாரில் கொண்டுவந்து விற்ற பொடியோ மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ‘மூணு நாள்ல எழுந்து நடந்தேன்’ என்று புகழ்வார்கள். பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

வாய் வறண்டு கிடக்கிறதா? இரத்த அழுத்தம், மனநலம், ஒவ்வாமை இவற்றுக்கான சில மருந்துகள் எச்சிலைக் குறைக்கும். கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு எச்சில் வற்றியே போகும்.

அடுத்து இனிப்பு நீர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் அதில் நிறையப் பேர். காரணம் தெரியாமல் வாயில் பூஞ்சை வந்த பெரியவருக்குச் சர்க்கரை பார்க்காமல் விடுவது சரியில்லை. ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் என்றால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்று வாய் முதலில் சொல்லிக்கொடுக்கிறது.

புகையும் இல்லை, பம்பும் இல்லை, சர்க்கரையும் சரி, வயதும் குறைவு, ஆனாலும் தொண்டைவரை வெள்ளை பூத்திருக்கிறது என்றால் டாக்டர் எச்.ஐ.வி. சோதனை எடுக்கச் சொல்வார். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. சீக்கிரம் தெரிந்தவர்கள் நீண்ட காலம் நன்றாக வாழ்கிறார்கள். கேட்டால் சரி என்று சொல்லுங்கள்.

கிளினிக்கில் என்ன நடக்கும்

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஐ.சி.யை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள். பல் பிரிவு தனியாக இருக்கும்; வாய்க்குள் பார்க்க அங்கேதான் நல்ல விளக்கும் நாற்காலியும் உண்டு. மலாயில் பூஞ்சைக்கு ‘கூலாட்’, புண்ணுக்கு ‘உல்சர்’, நீரிழிவுக்கு ‘கென்சிங் மானிஸ்’. பாட்டியைத் தனியாக அனுப்பினால் இந்தச் சொற்களும், எத்தனை நாளாக இருக்கிறது என்பதும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

போவதற்கு முன் ஜெல்லோ கிருமிநாசினிக் கொப்பளிப்போ போடாமல் போவது நல்லது. மாதிரி எடுத்தால் முடிவு தப்பாகிவிடும். ஊதா மருந்து பூசிக்கொண்டு போகவே போகாதீர்கள். டிரெசர்கள் என்ற பழைய மருத்துவ உதவியாளர்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எல்லா வாய்க்கும் அதைத்தான் பூசினார்கள் என்று பெரியவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். பூசினால் வாய் முழுக்க ஊதா. அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பெரும்பாலும் டாக்டர் பார்த்தே முடிவு செய்துவிடுவார். சந்தேகம் இருந்தால் மரக்குச்சியாலோ பஞ்சுக் குச்சியாலோ கொஞ்சம் வழித்து எடுப்பார். ஆய்வகத்தில் அதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். மனித செல்கள் கரைந்துபோக, பூஞ்சை மட்டும் மிஞ்சும். கிராம் சாயம் ஏற்றினால் ஈஸ்ட் கருநீலமாகத் தெரியும். உருண்டை மொட்டுகளோடு, மெல்லிய கிளைகளாக நூல் நூலாக நீண்டிருந்தால், அது சும்மா குடியிருப்பதைத் தாண்டிச் சதைக்குள் இறங்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து கேட்காமல் திரும்பத் திரும்ப வந்தால் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். பூஞ்சை வளர்க்கும் சபரோ ஊடகத்தில் இரண்டு நாளில் பாலாடை நிறத்தில் பொட்டுப் பொட்டாக வளரும். அதில் கொஞ்சம் எடுத்து இரத்த நீர்மத்தில் போட்டு 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், அல்பிகன்ஸ் முளைவிட்ட பயறு மாதிரி ஒரு குழாய் நீட்டும். மற்ற வகைகள் பெரும்பாலும் நீட்டாது. வகை தெரிவது எதற்கு என்றால், சில வகைகளுக்கு வழக்கமான மாத்திரை வேலை செய்யாது.

ஒன்றை மறக்காதீர்கள்: வளர்ப்பில் ஈஸ்ட் வளர்ந்தது என்பதால் மட்டும் நோய் உறுதியாவதில்லை. நல்ல வாயிலும் அது இருக்கிறதே. வாயில் தெரியும் அடையாளமும் ஆய்வக முடிவும் ஒத்துப்போனால்தான் கணக்கு.

மருந்தும் ஒரு சோதனைதான்

வழக்கமாக முதலில் தருவது நிஸ்டாடின் சொட்டு மருந்து. 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. அவர்கள் வேலை பார்த்த நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் மருந்துக்கு வைத்தார்கள். படும் இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்து இது. வாயில் விட்ட உடனே விழுங்கினால் வீண். செட்டைக் கழற்றிவிட்டு, வாய் முழுக்கச் சுழற்றி, முடிந்தவரை வைத்திருந்து, டாக்டர் சொன்னபடி செய்ய வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்றை ஒன்று கெடுத்துக்கொள்ளும். வெள்ளை போனதும் நிறுத்திவிடாமல் மேலும் இரண்டு நாள் தொடருங்கள்.

மைக்கோனசோல் ஜெல்லைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் அதைத் தடவினால் இரத்தப்போக்கு ஏற்படலாம். கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். நாலு மாதம் நிறையாத குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பல் செட்டை இரவில் கழற்றி, சோப்பு போட்டு மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவி, டாக்டர் சொல்லும் கரைசலில் ஊற வையுங்கள். குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் கரைசல், உலோகக் கம்பி உள்ள செட்டை அரித்துவிடும். பூனைக்குப் பயந்தால் மூடி போட்ட டப்பா போதும். அந்தப் பாட்டிக்கு நாங்கள் ஒரு ஐஸ்கிரீம் டப்பாதான் கொடுத்தோம்.

மருந்து ஆரம்பித்த தேதியை காலண்டரில் வட்டமிடுங்கள். அங்கிருந்து 14 நாள் எண்ணி இன்னொரு வட்டம். அந்த இரண்டாவது வட்டத்தில் வாய் சுத்தமாக இல்லையென்றால், இரண்டாவது டியூப் கேட்காதீர்கள். இது பூஞ்சைதானா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மருத்துவமனையின் வாய் அறுவைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தாலும், சாப்பிட முடியாமல் போனாலும், காய்ச்சல் சேர்ந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் 14 நாள் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனை. பூஞ்சை உணவுக் குழாயில் இறங்கியிருக்கலாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்கும் அப்படியே.

கிளம்பும் நாளில் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லா மாத்திரைகளையும், பம்பையும், அந்த மூட்டுவலிப் பொட்டலத்தையும், சர்க்கரைப் புத்தகத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். பல் செட்டை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம். போட்டுக்கொண்டே வரட்டும், கீழ்ச் செட்டும் சேர்த்து.